விதுர்ஷா சாப்பிடவில்லை

கணவன் விட்டுப்போன பிறகு தவமலர் வாவியில் இறங்கி, கையால் தடவி இறால் பிடித்து விற்றுத்தான் கொக்கட்டிச்சோலையில் மூன்று பெண் பிள்ளைகளை வளர்த்தாள். இந்த மாதம் வாவியில் இறாலே படவில்லை. ஒரு சுண்டு அரிசி ஆக்கினால், பள்ளிக்கூடம் போகும் வயது வராத சின்னவள்கள் இருவருக்கும்தான் காணும். பதினான்கு வயது மூத்தவள் விதுர்ஷா, "எனக்கு வேணாம்மா, பள்ளிக்கூடத்தில சோறு தாறாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். ஒரு பிள்ளையாவது வயிறாரச் சாப்பிடுகிறதே என்று தவமலர் ஆறுதல்பட்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, வகுப்பில் மயங்கி விழுந்த விதுர்ஷாவை ஆசிரியை ஆட்டோவில் கூட்டிவந்தார்.

"பள்ளிக்கூடத்தில சாப்பிடுறவள்தானே டீச்சர்?"

"அந்தச் சாப்பாடு சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அம்மா. இவவுக்கு இல்ல."

தவமலர் அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"ஏன் புள்ள பொய் சொன்ன நீ?"

"நீங்களும் சாப்பிட்டுட்டன் எண்டுதானே ஒவ்வொரு நாளும் சொல்றீங்க?"

ஆசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டார். சின்னவள்களின் மத்தியானத்துக்கென்று சட்டியில் கொஞ்சம் சோறு இருந்தது. தவமலர் அதை உப்புப் போட்டுப் பிசைந்து மூத்தவளுக்கு ஊட்டினாள். விதுர்ஷா அழுதுகொண்டே விழுங்கினாள். கடைக்குட்டி பக்கத்தில் வந்து குந்தி, தாயின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டி வெறுமையாகும்வரை தவமலர் அவள் பக்கம் திரும்பவேயில்லை.