சஹனில் உட்கார்ந்த குற்றம்

எட்டு வருஷமாக அல்லாபிச்சை காரைக்குடி முழுக்கப் பீற்றிக்கொண்டது மனைவி சுலைகாவின் இடுப்பைப் பற்றித்தான். அறுபத்தொன்பதாம் வருஷம் அவள் விழுந்து எலும்பு முறிந்தபோது, மெட்ராஸில் தண்டோடு சேர்ந்த உலோகப் பந்து வைத்தார்கள். துணிக்கடைக்கு வந்தவரெல்லாம் அந்தக் கதையைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். அட, பெருமையடிக்க ஒரு மனிதனுக்கு வேறு விஷயமா இல்லை!

தரையில் மட்டும் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுலைகாவும் நாற்காலியிலேயே தொழுது, நாற்காலியிலேயே சாப்பிட்டு வந்தாள். எப்போதாவது தொடை குடைந்தால் தைலம் தேய்த்துக்கொள்வாள். மகள் சுபைதாவின் கல்யாணத்தில்தான் கட்டுப்பாடு தவறியது. சம்பந்தி வீட்டுப் பெண்கள் சஹன் தட்டைச் சுற்றிப் பாயில் உட்கார்ந்து, ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடக் காத்திருந்தார்கள். பெண்ணைப் பெற்றவள் மட்டும் நாற்காலியில் தனித்தட்டோடு இருந்தால், நாளைக்குப் பேச்சு வாங்குவது மகளல்லவா? "ஒரு நேரந்தானே, உக்காந்துரு" என்று அல்லாபிச்சையே சொல்லிவைத்திருந்தார்.

அடுத்த மாதமே வலி. பிறகு காலை ஊன்றவே முடியவில்லை. இப்போது சுபைதா தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். தாயோ கட்டிலோடு கிடக்கிறாள்.

மதுரையில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், அல்லாபிச்சையைத் தனியே கூப்பிட்டார்.

"சஹன்ல உக்காந்ததால இல்ல பாய். உள்ள வச்ச தண்டு ரொம்ப நாளாவே ஆடிக்கிட்டிருந்திருக்கு. சுத்தியிருக்கிற எலும்பு அரிச்சுப்போச்சு. எத்தன வருஷம் நிக்கும்னு அப்ப யாருக்குமே தெரியாது."

"வேற ஒண்ணு வச்சுருங்களேன்."

"பிடிச்சு நிக்க எலும்பு வேணுமே, பாய்."

அல்லாபிச்சைக்கு முதலில் அப்பாடா என்றிருந்தது. வெளியே வெயிலில் வந்து நின்றபோதுதான் விஷயம் உறைத்தது. தப்பு என்றால் திருத்திக்கொள்ளலாம். தப்பே இல்லையென்றால் எதைத் திருத்துவது?

கார் திருப்பத்தூரைத் தாண்டியதும் சுலைகா மெல்லக் கேட்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாக? சஹன்ல உக்காந்ததுதானே? நாந்தான் கெடுத்துக்கிட்டேன். இனிச் செத்தாலும் தரையில உக்கார மாட்டேங்க. சுபைதா வர்றதுக்குள்ள நடந்துருவேன்ல?"

அவள் முகத்தைப் பார்த்தார்.

"நடந்துருவே."

வீட்டுக்கு வந்ததும், கட்டிலில் படுத்த கையோடு, பாய்களையெல்லாம் பரணில் ஏற்றச் சொன்னாள். அல்லாபிச்சை ஒவ்வொன்றாகச் சுருட்டிக் கட்டி ஏற்றினார்.

"நல்லா உள்ள தள்ளி வைங்க" என்றாள் சுலைகா. "நடமாட ஆரம்பிச்சதும் நானே எடுத்துப் போட்டு உக்காந்துரக் கூடாது பாருங்க."

அவர் கை எட்டுகிற மட்டும் உள்ளே தள்ளினார்.