இரண்டு பேருக்கான அறை

தீவின் துறைமுக ஊரில், லம்பா லைன் பகுதியில் இருக்கும் சண்முகத்தின் வீட்டை வீடு என்று சொல்வது பேச்சுக்குத்தான். அது சத்திரம். சென்னைக் கப்பலைப் பிடிக்கத் தீவின் வடகோடியான திக்லிபூரிலிருந்து வருகிற எந்தத் தமிழ்க் குடும்பமும் நேரே அங்கே வந்துதான் மூட்டையை இறக்கும். கப்பல் தள்ளிப்போனால் அவர்கள் கிளம்புவதும் தள்ளிப்போகும். பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற அந்த மனிதருக்கு, வாசலில் நாலு ஜோடிச் செருப்பு கிடந்தால்தான் சோறு இறங்கும். வடித்துக் கொட்டுகிற இந்திராணிக்கு எப்படி இறங்கியது என்று யாரும் கேட்டதில்லை.

வந்தவர்களை அவளுக்கும் பிடிக்காமல் இல்லை. ஆனால் இந்த மாதம் கணவரிடம் தனியாகச் சொல்ல அவளுக்கு ஒரு விஷயம் இருந்தது. வீட்டை விற்றுவிட்டுச் சென்னையில் மகன் நந்தகுமாரோடு போய் இருப்பதென்று சண்முகம் முடிவு கட்டிவிட்டார். திங்கட்கிழமை வீடு கேட்டவருக்கு வாக்குக் கொடுக்கப் போகிறார். அவளுக்குப் போக இஷ்டமில்லை. அடுப்படியில் வாயைத் திறந்தால் கூடத்தில் நாலு காது கேட்கும். விருந்தாளி முன்னால் புருஷனை மறுத்துப் பேச அவளுக்கு வராது.

அதனால்தான் கல்யாண நாளுக்கென்று மகன் கடலோர மேட்டில் இருக்கும் பழைய பங்களா ஹோட்டலில் அறை போட்டபோது, "எதுக்குடா வீண் செலவு" என்று அவள் ஒப்புக்குக்கூடச் சொல்லவில்லை.

அந்த மேட்டில் இப்போது டீக்கடைகூடக் கண்ணாடிக் கதவு போட்டுக்கொண்டு மினுக்குகிறது. ஹோட்டலுக்குள் போனால் வெள்ளைக்காரன் காலம். படாக் மரத்தில் கடைந்த கட்டில், அதில் ஏறுவதற்குத் தனியாக ஒரு மணை, கடலைப் பார்த்தபடி கை நீண்ட சாய்வு நாற்காலிகள் இரண்டு. அலமாரியின் பித்தளைக் குமிழைத் தொட்டுப் பார்த்த இந்திராணி, கைபட்ட இடத்தை முந்தானையால் துடைத்தாள். தனக்காக யாரோ ஓர் அறையைப் பெருக்கித் துடைத்து வைத்திருப்பது அவளுக்குச் சந்தோஷமாகவும் கூச்சமாகவும் இருந்தது.

"என்னங்க, இப்படி உட்காருங்க. ஒரு விஷயம் பேசணும்."

சண்முகம் உட்கார்ந்தார். உடனே ஃபோன் அடித்தது. வராந்தாவில் பேசிவிட்டு வந்தவர், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே தரையைக் கண்ணால் அளந்தார். எத்தனை பாய் விரிக்கலாம் என்று பார்க்கிற பார்வை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"யாரு?"

"நம்ம திக்லிபூர் மருதாயி. மாசமா இருக்கிற மக சுசீலாவ மெயின்லேண்ட் கூட்டிட்டுப் போறா. சென்னை போற ஜஹாஜ் ரெண்டு நாள் லேட்டாம். இங்க வரச் சொல்லிட்டேன்."

ஹோட்டல் அறைக்கு விருந்தாளியைக் கூப்பிட்ட மனிதர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். இந்திராணிக்குக் கோபத்தோடு அழுகையும் வந்தது.

அரை மணி நேரத்தில் கீழே வரவேற்பில் மருதாயி மகளோடும் மூட்டைகளோடும் வந்து நின்றாள். "தோ ஹி லோக் ரஹ் சக்தே ஹை, அங்கிள்" என்று அங்கிருந்த பெண் ரெண்டு பேருக்கு மேல் முடியாதென்று சொல்ல, "ஏக் ராத் கா பாத் ஹை, பேட்டி" என்று, ஒரே ஒரு ராத்திரிதானே என சண்முகம் கெஞ்சிக்கொண்டிருந்தார். சுசீலாவின் பாதம் வீங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகு இந்திராணியால் அவர்கள்மேல் கோபப்பட முடியவில்லை. ஆனால் அறையையும் விட்டுக்கொடுக்க மனமில்லை. கைப்பையைத் திறந்தாள்.

"இந்தா மருதாயி, வீட்டுச் சாவி. வீடு சும்மாதான் கிடக்கு. ஃப்ரிட்ஜ்ல தோசை மாவு இருக்கு. ஆட்டோ பிடிச்சுப் போயிருங்க."

"நீங்க வரலையாக்கா?"

"நாங்க நாளைக்கு வர்றோம்."

சண்முகம் திகைத்துப் போனார். தாங்கள் இங்கே இருந்தால் அங்கே வீடு காலியாக இருக்கும் என்பது அதுவரை அவர் புத்தியில் ஏறியிருக்கவே இல்லை.

அறைக்குத் திரும்பியதும் இந்திராணி உட்காரவில்லை. உட்கார்ந்தால் தைரியம் போய்விடும்.

"நான் சென்னைக்கு வரலைங்க. வீட்ட விக்க வேண்டாம். நந்து மேல பாசம் இல்லாம இல்ல. ஆனா அங்க போனா நான்தான் விருந்தாளி."

அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். "இத வீட்லயே சொல்லியிருக்கலாமே."

"வீட்ல நாம ரெண்டு பேரும் எப்ப இருந்தோம்?"

அவர் யோசித்துப் பார்த்தார். ஒரு நாள்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. முகம் சுருங்கிவிட்டது.

"திங்கக்கிழமை அந்த ஆளுகிட்ட இல்லைன்னு சொல்லிடறேன்" என்றார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உட்காரு இந்திராணி. இன்னும் என்னென்ன சொல்லாம வச்சிருக்கே? எல்லாத்தையும் சொல்லு."