அருஞ்சுனை சொன்ன காரணம்

ஆடி மாதம் பத்திர ஆபீஸில் வேலை இருக்காது. வாங்குகிறவனும் வரமாட்டான், விற்கிறவனும் வரமாட்டான். திருச்சுழியில் நான் பத்திர எழுத்தர். அன்று நாலரை மணிக்கே கிளம்பி அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். ராமசுப்பு அண்ணாச்சி ஆள் அனுப்பியிருந்தார்.

அவர் மிளகாய் வற்றல் கமிஷன் கடை வைத்திருப்பவர். மகனோடு விருதுநகருக்குப் போய்விடுவதென்று வீட்டை விற்க நினைத்தார். போன வருடம் தை மாதம் நானும் என் மனைவி அருஞ்சுனையும் அந்த வீட்டைப் பார்த்தோம். கொல்லையில் நல்ல தண்ணீர்க் கிணறு. திருச்சுழியில் நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவில் எல்லாக் கிணறும் உப்பு. குடிதண்ணீருக்கு ஊருணிக்குத்தான் போக வேண்டும்.

அப்போது அவளுக்கு இரண்டு மாதம். அந்த வருடம் மழை இல்லை. மழை பொய்த்தால் சித்திரையில் வீடும் நிலமும் விலை இறங்கும். வருடா வருடம் பத்திரத்தில் பார்க்கிறவன் நான். காத்திருக்க முடிவு செய்தேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை. முழுகாமல் இருக்கும்போது குடி மாறக் கூடாதாமே என்றேன்.

"நீங்களா சொல்றீக?" என்று சிரித்தாள். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

எட்டாம் மாதம் ஊருணிப் படியில் குடத்தோடு விழுந்தாள். மூன்றாம் நாள் மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தாள். பிள்ளையும் இல்லை. போன வாரம் வருஷம் கும்பிட்டோம்.

அண்ணாச்சியின் மனைவி கோகிலாம்பாள் செம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"அன்னைக்கு உங்க வீட்டுக்காரி மூணு செம்பு குடிச்சா தம்பி. அடியே, வயித்துல இருக்கது நீச்சல் பழகிரப் போகுதுன்னு ஏசுனேன்."

நான் குடித்தேன். செம்பைக் கீழே வைத்தேன்.

"வருஷம் திரும்பட்டும்னுதான் இருந்தோம்" என்றார் அண்ணாச்சி. "தறிக்காரர் ஒருத்தர் ரெண்டு தடவை வந்து கேட்டாரு. கூடவே தாரேன்னாரு. அருஞ்சுனைப் பிள்ளைக்கு வார்த்தை குடுத்தாச்சுன்னுட்டேன். ஆவணி பொறக்கவும் எழுதிக்கிருவோம். உங்களுக்கென்ன, எழுத்துக்கூலி மிச்சம்!"

"எந்த வார்த்தை அண்ணாச்சி?"

"தெரியாதா? நீங்க ரெண்டு பேரும் பாத்துட்டுப் போன மறுவாரம் தனியா வந்துச்சே. 'அவுக இப்பவே வாங்கணும்னு நிக்கிறாக. மாசமா இருக்கையில குடி மாற எனக்குத்தான் பயமா இருக்கு. பிள்ளையோட வாரேன். அதுவரைக்கும் யாருக்கும் குடுத்துராதீக'ன்னுச்சு."

எனக்குத் தெரியாது. அவள் சொல்லவேயில்லை.

கோகிலாம்பாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "நான்தான் பாவி. அந்தச் சாங்கியமெல்லாம் புதுசாக் கட்டுற வீட்டுக்கு, இதுக்கு இல்ல, தைரியமா வாடின்னு ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லலையே. சொல்லியிருந்தா படியில ஏறி இறங்கியிருப்பாளா? ஒரு வருஷமா இதுதான் மனசுல கிடந்து அறுக்குது."

நான் தலையை ஆட்டிவிட்டு எழுந்திருக்கலாம். வீடு கிடைத்துவிடும்.

"அக்கா, அவ பயப்படல" என்றேன். "நான்தான் தள்ளிப்போட்டேன். சித்திரையில விலை இறங்கும்னு பாத்தேன். சாங்கியம்னு அவகிட்ட நான் சொன்னது பொய்யி."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார்.

"இறங்குச்சா?"

"இல்ல. ஆடியிலயாவது இறங்கும்னு இருந்துட்டேன்."

"அவளுக்குத் தெரியுமா?" கோகிலாம்பாள் கேட்டார்.

"தெரிஞ்சிருக்கணும்."

"தெரிஞ்சிருக்கு. அதான், புருசனைக் கஞ்சன்னு நாங்க நினைச்சிரக் கூடாதுன்னு பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட்டா."

"வீட்டைத் தறிக்காரருக்கே குடுத்திருங்க அண்ணாச்சி" என்றேன்.

"உக்காருங்க" என்றார் கோகிலாம்பாள். குரலில் பழைய இணக்கம் இல்லை. "வார்த்தை அவளுக்குக் குடுத்தது. வீடு உங்களுக்குத்தான். ஆனா ஒண்ணு. படிச்சவனைக் கட்டியும் சாங்கியம் பாத்துச் செத்தாளேன்னு இந்தத் தெரு பூராம் பேசிக்கிட்டிருக்கு. நானே சொல்லித்தான். நான் மாத்திச் சொன்னா எவ நம்புவா? நீங்க சொல்லுங்க. வீடு வீடா."

அண்ணாச்சி, "அடப் போதும், விடு" என்றார். கோகிலாம்பாள் விடவில்லை.

வெளியே வந்தேன். அடுத்த வீட்டு வாசலில் மாரிக்கனி என்ற அம்மாள் மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்த வீட்டை வாங்கப்போறவுகதான? கேள்விப்பட்டேன் தம்பி. பாவம், உங்க வீட்டுக்காரி மட்டும் அன்னைக்குப் பிடிவாதம் பிடிக்காம இருந்திருந்தா..."

"பிடிவாதம் பிடிச்சது அவ இல்லம்மா" என்றேன்.

கிள்ளுவதை நிறுத்தினாள். நான் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.