மஞ்சள் பத்து

கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது என்று ஊருக்குச் சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள் என்பது மதிவதனியின் கணவர் அன்பரசனின் யோசனை. அவர் யோசனைகள் பாதி இப்படித்தான் இருக்கும். கர்ப்பப்பை எடுக்காத பெண்களை அந்தத் தெருவில் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. மதிவதனி தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாளே தெருப் பெண்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"தையல் குறுக்கவா, நெடுக்கவா டீச்சர்? காட்டுங்க பாப்போம்."

மதிவதனி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து மழுப்பினாள். வலி என்னவோ இடது அக்குளில். இடது மார்பு இருந்த இடம் தட்டையாகக் கிடந்தது. மகள் கனிமொழியின் பழைய துப்பட்டாவை மடித்து ஜாக்கெட்டுக்குள் திணித்து, மேலே மாராப்பை இழுத்து விட்டிருந்தாள். தண்ணிக் குடம் தூக்காதீங்க, புளிப்பு சேத்துக்காதீங்க என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். ஊரே நல்ல மனசோடு வந்து உட்காரும்போது பொய் சொல்வது கூடுதல் சிரமம்.

பொய்க்குக் காரணம் கனிமொழியின் கல்யாணம். மயிலாடுதுறை மாப்பிள்ளை வீட்டார் ஆவணியில் தேதி குறிக்கலாம் என்றிருந்தார்கள். பெண்ணின் அம்மாவுக்குக் கேன்சர் என்று காதில் விழுந்தால், ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அது பாதிக் காரணம்தான். மதிவதனி அந்த ஊர் அங்கன்வாடி டீச்சர். வருஷா வருஷம் மருத்துவ முகாமில் பெண்களை வரிசையாக உட்கார வைத்து, மார்பில் கட்டி இருந்தால் மறைக்காதீர்கள் என்று மைக்கில் பேசுகிறவள். அப்படிப்பட்டவள், தீபாவளிக்குத் தன் மார்பில் தட்டுப்பட்ட கட்டியை வைகாசி வரைக்கும் புடவைக்குள் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தாள். இதை எந்த முகத்தோடு சொல்வது?

எடுத்த கட்டியையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். நோய் பரவியிருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். ரிசல்ட் வந்ததும் போன் பண்ணுவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்பரசன் உரக்கடையைத் திறப்பதையே விட்டுவிட்டுப் போனைச் சார்ஜில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "லோன் வேணுமா சார்" என்று கேட்ட பெண்ணை அவர் திட்டிய திட்டு தெருமுனை வரை கேட்டது.

அப்படியொரு மத்தியானத்தில்தான் அம்சம் ரசம் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு வீடு தள்ளி இருப்பவள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் மதிவதனியிடம் அ, ஆ படித்தவர்கள். அடுப்படியில் தூக்கை வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"டீச்சர், ஒங்ககிட்டதான் கேக்க முடியும். மார்ல ஒரு கட்டி. கோலிக்குண்டு கணக்கா இருக்கு. வலியெல்லாம் இல்ல."

மதிவதனியின் கை தானாக அடிவயிற்றிலிருந்து மேலே வந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"தஞ்சாவூர்ல நீங்க இருந்த ஆஸ்பத்திரிக்கே போயிரலாமான்னு பாக்குறேன். தனியா போகப் பயமா இருக்கு. நீங்க துணைக்கு வந்தீங்கன்னா தேவல."

அந்த ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன் முதல் நர்ஸ் வரை மதிவதனியை அடையாளம் தெரியும். கை தூக்க முடியுதாம்மா, தையல் ஆறிடுச்சாம்மா என்று அம்சத்தின் எதிரிலேயே கேட்பார்கள். அது ஒன்றுதான் அப்போது அவள் மனதில் ஓடியது.

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காது. சூட்டுக் கட்டியா இருக்கும். மஞ்சள அரைச்சுப் பத்துப் போடு. நடவு முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

அம்சத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க சொன்னா சரிதான் டீச்சர்" என்று ரசத்தைப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள். மதிவதனிக்குத் தன் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த ரசத்தை அவளால் சாப்பிட முடியவில்லை.

அதன் பிறகு காத்திருப்பது வேறு மாதிரி ஆகிவிட்டது. ரிசல்ட் மட்டும் நல்லபடியாக வரட்டும், அன்றைக்கே அம்சத்திடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். சாமியிடம் பேரம் பேசாதவர்கள் யார்? ஆனால் அடுத்தவள் உயிரை நடுவில் வைத்துப் பேசுகிறோமே என்று நினைக்கும்போது அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. அருவருத்துக்கொண்டே மறுபடியும் வேண்டிக்கொண்டாள்.

கொல்லைக்குப் பின்னால் அவர்கள் வயலில் குறுவை நடவு தொடங்கியது. மதிவதனி கொல்லைப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் குனிந்து வரிசையாக நட்டுக்கொண்டு வந்தார்கள். கரையோரம் வந்ததும் அம்சம் நிமிர்ந்து, முடிச்சை அவிழ்த்து அடுத்த நாற்றுக்கட்டைப் பிரித்தாள். அவளுடைய வெளிர்நீல ஜாக்கெட்டில், அக்குளுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் ஊறியிருந்தது. டீச்சர் சொன்னபடியே தவறாமல் பத்துப் போட்டிருக்கிறாள்.

உள்ளே போன் அடித்தது. அன்பரசன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "மதி, ஆஸ்பத்திரி நம்பர்."

மதிவதனி போனை வாங்கவில்லை. மோசமான செய்தியாக இருந்தால் தன் பயத்திலேயே சுருண்டு படுத்துவிடுவாள். நல்ல செய்தியாக இருந்தால், தப்பித்தோம் என்று கல்யாண வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். இரண்டிலும் அம்சத்திடம் சொல்லமாட்டாள். தன்னைப் பற்றி அவளுக்கு அவ்வளவு தெரிந்திருந்தது.

"நீங்க பேசுங்க. எங்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க" என்று படியிறங்கி வரப்பில் நடந்தாள்.

"அம்சம், கொஞ்சம் மேல ஏறி வா."

அம்சம் சேற்றுக் கையோடு ஏறி வந்தாள். மதிவதனி மாராப்புக்குள் கையை விட்டு, துப்பட்டா மடிப்பை வெளியே உருவினாள். பிறகு அம்சத்தின் கையைப் பிடித்து அந்தத் தட்டையான இடத்தில் வைத்தாள்.

"கர்ப்பப்பை இல்ல. இதத்தான் எடுத்தாங்க. எனக்கும் வலிக்காமதான் இருந்துச்சு."

அம்சத்துக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அப்ப அன்னைக்கு நான் வந்து கேட்டப்ப?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

"எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு டீச்சர்."

மதிவதனி தலை குனிந்தாள். ஜாக்கெட்டின் ஒரு பக்கம் ஒட்டிப்போய்க் கிடக்க, அதன்மேல் அம்சத்தின் விரல்கள் சேற்றுத் தடமாகப் பதிந்திருந்தன. வயலில் நடவு நின்றுபோயிருந்தது. எல்லோரும் நிமிர்ந்து இவர்களையே பார்த்தார்கள். கொல்லைப் படியில் அன்பரசன் காதிலிருந்து போனை எடுத்துவிட்டு, "மதி" என்று கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்க்காமல், பொறுங்கள் என்று வலது கையைக் காட்டினாள்.

"மாராப்ப இழுத்து விடுங்க" என்றாள் அம்சம். அவள் குரலில் கோபம் தணியவில்லை. "ஊரே பாக்குது."

"பாக்கட்டும். நாளைக்கு மொத பஸ்ஸுக்குக் கெளம்பி நில்லு, நானும் வரேன். அந்த ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் என்னைத் தெரியும்."