பெருமாநல்லூர்க்காரியின் பெயர்

என் வீட்டுக்காரர் மகுடேஸ்வரனுக்கு எதையும் பனியன் ஆர்டர் மாதிரி அவசர அவசரமாக முடித்தால்தான் திருப்தி. குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்குக் குடும்ப வம்சாவளியைப் பெரிய போர்டாக எழுதி வைக்கிறேன் என்று கிளம்பியவர், ஏழு தலைமுறை ஆண்களின் பெயரை ஒரே வாரத்தில் திரட்டிவிட்டார். பெண்கள் எங்கே என்று கேட்டேன். "எடம் பத்தாது இந்து" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் மாமனார் கிட்டுசாமிக்கு என்னைவிடக் கோபம். "எங்கம்மா பேரு இல்லாத போர்டுல எம்பேரும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். சிக்கல் என்னவென்றால், அந்தப் பெயர் அவருக்கே தெரியாது. தலைப்பிள்ளையான அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டாள். அப்பா மறுகல்யாணம் செய்துகொண்டதும் அந்தப் பக்கத்துப் போக்குவரத்தே நின்றுபோனது. எப்போதாவது பழைய பேச்சு வந்தாலும் "பெருமாநல்லூர்க்காரி" என்பார்களே தவிர, யாரும் பெயரைச் சொன்னதில்லை. இப்போது கேட்க யாரும் உயிரோடில்லை. எழுபத்தெட்டு வயது மனிதர், அம்மா பெயர் தெரியவில்லையே என்று கண்கலங்கி உட்கார்ந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

பழைய பிறப்புப் பதிவில் தாயார் பெயர் இருக்கும் என்று யாரோ சொல்ல, மகுடேஸ்வரன் தன் பனியன் கம்பெனியை மேனேஜரிடம் விட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். சொந்த ஊர் சாமளாபுரம் என்பதால் அந்த ஊர்ப் பதிவேட்டில் தேடச் சொல்லி மனுப் போட்டார். அப்படி ஒரு பதிவு இல்லை என்று பதில் வந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் அதே பதில்தான்.

"அப்பா பொறக்கவே இல்ல போல இந்து" என்று மாமனார் முன்னாலேயே சலித்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏனுங்க, உங்க பையன் எந்த ஊர்ல பொறந்தான்?"

"வேலம்பாளையத்துல. உங்கம்மா ஊட்டுல இருந்துதான ஆஸ்பத்திரிக்குப் போன?"

"ஏன், சாமளாபுரத்துல ஆஸ்பத்திரியே இல்லீங்களா?"

"மொதப் பிரசவம் பொறந்த ஊட்டுலதான..." என்றவர் திறந்த வாயை மூடவில்லை. மாமனார் குலுங்கிச் சிரித்துவிட்டார். காலமெல்லாம் பெருமாநல்லூர்க்காரி, பெருமாநல்லூர்க்காரி என்று சொல்லிக்கொண்டே, பெருமாநல்லூர்ப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை! இந்த வீட்டு ஆண்களைக் கட்டி மேய்ப்பதற்கே எனக்குத் தனிச் சம்பளம் தர வேண்டும்.

பெருமாநல்லூர் பெயரில் புது மனு போனது. பதிவு இருக்கிறது, வாருங்கள் என்று தகவல் வந்ததும் மாமனார் சலவை வேட்டி கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆபீஸில் இருந்த பெண் அலுவலர், மனுவில் இருந்த தகப்பனார் பெயரைச் சரிபார்த்துவிட்டுப் பழுப்பேறிய பக்கத்தில் விரல் வைத்து வாசித்தார். "தகப்பனார் ஊர் சாமளாபுரம். தாயார், தெய்வாத்தாள்."

"இன்னொருக்கா சொல்லு கண்ணு" என்றார் மாமனார். அவரும் முகம் சுளிக்காமல் சொன்னார். மாமனார் அதை வாய்க்குள்ளேயே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"ஆனா ஒண்ணுங்க ஐயா. பேரு வெக்கறதுக்கு முந்தியே பதிஞ்சிருக்காங்க. கொழந்தை பேரு எடத்துல வெறும் 'ஆண்'னுதான் இருக்குது. உங்க பேரு இல்லீங்களே."

மகுடேஸ்வரன் பதறிப்போனார். "அதைச் சேக்கறதுக்கு எங்கீங்க மனுப் போடோணும்?"

மாமனார் மகன் கையைப் பிடித்து எழுப்பினார். "எம்பேரு எனக்குத் தெரியும் சாமி. எங்கம்மா பேரு கெடச்சிருச்சு, வா ஊட்டுக்குப் போலாம்."