குணவதி சொல்ல வந்த சாட்சி

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை நான் யோசித்ததல்ல. கூலிம் தொழிற்பேட்டையில் நான் ஸ்டோர் கிளார்க். எப்போதாவது ஞாயிறு பேப்பரில் என் சிறுகதை ஒன்று வரும். அந்த ஒரே தகுதியை நம்பித்தான், மூன்றாவது உற்பத்தி லைனில் வேலை செய்யும் குணவதி ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, சபையில சாட்சி சொல்லணும். வாயால சொன்னா அழுதுருவேன். எழுதிக் குடுத்தீங்கன்னா பாத்துப் படிச்சுருவேன்."

நான் சைவன். சாட்சி என்றால் என்னவென்று அவளைத்தான் கேட்டேன். ஆண்டவர் தனக்குச் செய்ததை எல்லார் முன்னாலும் எழுந்து சொல்வதாம். ஒருவருக்குப் போன வேலை திரும்பக் கிடைத்திருக்கும், இன்னொருவருக்குக் கட்டி கரைந்திருக்கும்.

"உனக்கு என்ன நடந்துச்சு?"

"எங்க வீட்டுக்காரரு எறந்துட்டாருண்ணே."

2

என் முதல் தொடக்கம்: 'அன்று கூலிமில் பேய்மழை. ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே மின்னல்...'

"மழையே இல்லண்ணே. அந்த வார்டுல ஜன்னலும் இல்ல."

இரண்டாவது: 'குணவதியின் விசுவாசம் பாறையைப் போல...'

"பொய்லா அது."

மூன்றாவதை நான் யோசிக்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

3

குணவதி ஞானஸ்நானம் எடுத்து எட்டு வருஷம் ஆகிறது. அவள் கணவன் சிவநேசன் எடுக்கவில்லை. கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். வாரத்தில் ஆறு நாள் ஊர் ஆட்களை ஏற்றி இறக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டியை மோட்டார் சைக்கிளில் சபைக்குக் கொண்டுவந்து விடுவான். சபை ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கிறது. அவன் மேலே ஏறியதே இல்லை. கீழே சாலையோர ஒட்டுக்கடையில் பால் சேர்க்காத தே ஓ வாங்கி வைத்துக்கொண்டு பேப்பர் பார்ப்பான். அவள் இறங்கி வந்ததும், "உங்காளு இன்னைக்கு என்ன சொன்னாரு?" என்பான். வீடு வரைக்கும் அவள் பிரசங்கத்தைச் சொல்லிக்கொண்டே வருவாள். கேலி செய்யாமல் கேட்டுக்கொண்டே ஓட்டுவான்.

போன ஆகஸ்டு மாதம் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். மூளையில் ரத்தக்கசிவு. பன்னிரண்டு நாள் மூச்சுக் கருவியில் கிடந்தான்.

முதல் வாரம் சபையே உபவாசம் இருந்தது. "எழுப்புங்க ஆண்டவரே" என்று குணவதியும் விடாமல் கேட்டாள். எட்டாம் நாள் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்தவளுக்கு ஜெபம் வரவில்லை. வார்த்தை தீர்ந்துபோயிருந்தது. "இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டாள். சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மேலே போனாள்.*

(* இங்கே நான் குறுக்கிட்டேன். "பதில்தான் வரலியே, அப்புறம் எப்படி எந்திரிச்சே?" மௌனமே பதில் என்று அவள் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நல்ல வரி கிடைத்திருக்கும். அவள் சொன்னது: "தெரியலண்ணே. தனியா இருக்கற மாதிரி இல்ல. எந்திரிக்க முடிஞ்சுது.")

பன்னிரண்டாம் நாள், மூளை இறந்துவிட்டது என்று டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். கருவியை நிறுத்துவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கலாம். சிவநேசனின் அக்கா தேவகி கோயில் திருநீற்றுப் பொட்டலத்தோடு வந்தாள். அவளால் அதைப் பிரிக்கவே முடியவில்லை.

"நீயும் இதத் தொடமாட்டியே குணா" என்று அழுதாள்.

வாசலில் சபைச் சகோதரிகள் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சபையில் திருநீறு தொடுவது ஆகாது என்று குணவதிக்குத் தெரியும். மனசுக்குள் சொன்னாள்: "கோவம்னா அப்புறமா என்னைத் திட்டிக்குங்க யேசப்பா. இப்ப என் கைய விட்றாதீங்க."

துணியை நனைத்து அவன் முகத்தைத் துடைத்தாள். பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள். மூன்று விரலால் அவன் நெற்றி நிறையத் திருநீறு இட்டாள்.

"எட்டு வருஷமா, அவரு நம்பாத எடத்துக்கு என்னைக் கொண்டாந்து விட்டாருண்ணே. நான் ஒரே ஒரு தடவ, அவரு நம்புன எடத்துக்கு அவர அனுப்பி வெச்சேன். அந்தத் தெம்பு எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அதான் என் சாட்சி."

4

[ஒரு சந்தேகம். எனக்குத் தோதாக ஒரு கிறிஸ்துவப் பெண்ணை நானே செய்துகொண்டேனா? எழுதிய காகிதத்தை அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். 'ஏசப்பா' என்று நான் எழுதியிருந்ததை 'யேசப்பா' என்று திருத்தினாள். வேறெதையும் தொடவில்லை.]

அவள் அதைப் பாஸ்டர் திவாகரிடம் காட்டினாள். அவரை வில்லனாக்க எனக்கு ஆசை வந்தது. ஆனால் பன்னிரண்டு நாளும் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த மனுஷன் அவர்.

"சிஸ்டர், அந்தத் திருநீறு விஷயத்த மட்டும் விட்டுருங்க. புதுசா வந்தவங்க கொழம்பிருவாங்க" என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னாராம்.

அவளுக்கு மூன்று முடிவுகள் யோசித்து வைத்தேன். பாஸ்டர் சொன்னபடி அதை எடுத்துவிடலாம். கோபித்துக்கொண்டு சபையை விட்டே போகலாம், கதை சூடு பிடிக்கும். அல்லது சிவநேசன் கனவில் வந்து...

"கனவெல்லாம் வரலண்ணே. அத எடுத்துட்டா சொல்றதுக்கு என்ன இருக்கு? நான் ஏன் போவணும்? அது என் சபைலா."

5

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். குணவதி தலையைத் தூக்காமல் படித்துக்கொண்டே வந்தாள். தேவகி பொட்டலத்தோடு வரும் இடத்தில் நிறுத்தினாள். காகிதத்தை மடித்தாள். மீதியைக் காகிதம் இல்லாமலே சொன்னாள். அழுதாள், ஆனால் ஒன்றையும் விடவில்லை.

வழக்கமாக எழும் அல்லேலூயா எழவில்லை. முன்னால் இருந்த சிலர் பாஸ்டர் முகத்தைப் பார்த்தார்கள்.

இரண்டாவது வரிசையில் அழகம்மா எழுந்தார். சபை தொடங்கிய நாளிலிருந்து வருகிறவராம்.

"என் மவனுக்கும் நீங்கள்லாம் ஜெபம் பண்ணீங்க. அவனும் போய்ட்டான். ஏழு வருஷமாச்சு, இங்க நின்னு அவன் பேர நான் சொன்னதே இல்ல. சொல்லட்டுமா?"

குணவதி மைக்கை அவர் பக்கம் நீட்டினாள்.

பாஸ்டர் மேடையிலிருந்து இறங்கினார். ஓரத்தில் கிடந்த நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அழகம்மாவை நோக்கி நடந்தார். அது அவரைப் பேசவிடாமல் உட்காரச் சொல்வதற்கா, தான் உட்கார்ந்து கேட்பதற்கா? பதில் எனக்குத் தெரியும், நான் அங்கே இருந்தேன். ஆனால் எழுதித்தரச் சொல்லி என்னைக் கேட்டது குணவதி ஒருத்திதான்; அவள் சாட்சி முடிந்துவிட்டது, இது அழகம்மாவின் சாட்சி. நாற்காலியை எங்கே போடுவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.