அரை மாத்திரை

உபைதுல்லாவின் இடது கால் கட்டைவிரல் வீங்கிய அன்று அவருடைய ட்ரெய்லருக்கு முன்னால் நாற்பது வண்டிகள் நின்றன. மணலி புதுநகர் யார்டிலிருந்து காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போவது அவர் வேலை. வரிசை பத்தடி நகரும், நிற்கும். மறுபடி பத்தடி. ஒவ்வொரு தடவையும் கிளட்சை மிதித்தாக வேண்டும். அன்றைக்குப் பதினோராவது தடவை மிதித்தபோது அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஷூவைக் கழற்றிப் பார்த்தார். விரலின் அடிமூட்டு சிவந்து, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. சாக்ஸ் பட்டாலே உயிர் போயிற்று.

பின்னால் நின்ற வண்டியிலிருந்து வில்சன் இறங்கி வந்தார். பத்து வருடமாக இருவரும் ஒரே தடத்தில் ஓட்டுகிறவர்கள். ரத்தத்தில் யூரிக் ஆசிட் ஏறி மூட்டு வீங்கும் இதே தொல்லை வில்சனுக்கும் உண்டு. சட்டைப் பையிலிருந்து ஒரு வலி மாத்திரையைக் கிழித்துக் கொடுத்தார். அந்த வருடத்தில் உபைதுல்லாவுக்கு வலி வந்தது அது நான்காவது தடவை. முதல் முறை ஒன்று போட்டதும் வலி ஓடிப்போனது. அப்புறம் இரண்டு தேவைப்பட்டது. காலி அட்டையை மெடிக்கலில் காட்டினால் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுவார்கள். அதனால் வீட்டிலும் வண்டியிலும் மாத்திரைக்குக் குறைவே இல்லை.

இந்த முறை ஐந்து நாள் விழுங்கியும் வலி போகவில்லை. ஆறாம் நாள் காலையில் முகம் உப்பியிருந்தது. கணுக்காலை அமுக்கினால் குழி விழுந்தது. அவர் மனைவி பதுருன்னிசா தண்டையார்பேட்டையில் அங்கன்வாடி ஊழியர். குழந்தைகளின் எடையையும் தடுப்பூசித் தேதியையும் எழுதியே பழகியவர். வீட்டிலும் வண்டியிலும் இருந்த மாத்திரைகளை எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, கணவரை ஆட்டோவில் ஏற்றி, திருவொற்றியூர் தேரடிப் பக்கம் இருக்கும் டாக்டர் யசோதராவிடம் அழைத்துப் போனார்.

டாக்டர் பையை மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்று வலி மாத்திரைகளில் இரண்டு ஒரே மருந்து, பெயர்தான் வேறு. பழைய ரத்தக்கொதிப்பு மாத்திரையில் சிறுநீர் போக வைக்கும் மருந்து கலந்திருந்தது. அதுவும் யூரிக் ஆசிட்டை ஏற்றக்கூடியது. மறுநாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஏழுக்குள் இருக்க வேண்டிய யூரிக் ஆசிட் 9.8. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும் கிரியாட்டினின், 1.3-ஐத் தாண்டக் கூடாதது, 1.7. அந்த இரண்டாவது எண்ணைத்தான் டாக்டர் பேனாவால் வட்டமிட்டார்.

“வலி மாத்திரை வலியைத்தான் அடக்குது. உங்க சிறுநீரகத்தையும் கெடுத்துக்கிட்டு வருது. இனிமே நீங்களா ஒண்ணுகூட வாங்கிப் போடக் கூடாது” என்றார்.

உபைதுல்லா தன் பக்கத்தைச் சொன்னார். குடிப்பழக்கம் கிடையாது. ஈரல், மத்தி மீன் எல்லாம் விட்டு ஆறு மாதம் ஆகிறது. அப்புறம் ஏன் வருகிறது? சாப்பாட்டைக் குறைப்பது நல்லதுதான் என்றார் டாக்டர், ஆனால் உடம்பு யூரிக் ஆசிட்டைச் சரியாக வெளியேற்றாதபோது அது மட்டும் போதாது. மூட்டுக்குள் அது பொடிப்பொடியான படிகமாகச் சேர்ந்து கிடக்கிறது. தினமும் ஒரு மாத்திரை போட்டு, மெல்ல மெல்ல அளவைக் கூட்டி, அதைக் கரைக்க வேண்டும். வருடக்கணக்கில் போட வேண்டியிருக்கும்.

முதலில் அந்த வலி அடங்கும்வரை காத்திருந்தார்கள். ரத்தக்கொதிப்பு மாத்திரை மாறியது. இரண்டு வாரம் கழித்து அலோபியூரினால் என்ற மாத்திரையில் பாதி, தினம் ஒருவேளை என்று ஆரம்பமானது. கூடவே வலி கிளம்பாமல் இருக்க இன்னொரு சிறிய மாத்திரை. அதை ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் போடக் கூடாது, வயிற்றுப்போக்கு வந்தால் உடனே சொல்ல வேண்டும்.

டாக்டர் இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். பழைய படிகம் கரையத் தொடங்கும்போது முதல் சில மாதங்களில் வலி திரும்பவும் வரலாம், அதற்குப் பயந்து மாத்திரையை நிறுத்தக் கூடாது, போன் செய்ய வேண்டும். ஆனால் தோலில் தடிப்போ, காய்ச்சலோ, வாயில் புண்ணோ வந்தால் அடுத்த வேளை போடாமல் அன்றைக்கே வந்துவிட வேண்டும். பதுருன்னிசா இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

உபைதுல்லா ஒன்றில் இறங்கினால் விடாதவர். காலையில் டீயும் பன்னும் முடிந்ததும் மாத்திரையை பிளேடால் இரண்டாக்கிப் போட்டுக்கொள்வார். காலண்டரில் ஒரு கோடு கிழிப்பார். மூன்றாவது வாரம் வலி வந்தது. இந்த முறை இரண்டு காலிலும். பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். பார்க்க வந்த வில்சன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டினார்.

“மாமு, நல்லாத்தான கீந்த? அந்த மாத்திரை போட்டப்புறம்தான் ரெண்டு காலும் பூட்ச்சு. தூக்கிப் போட்டுட்டு நம்ம மாத்திரைய போடு.”

“வரும்னு டாக்டர் சொல்லிக்கீறாங்க. வந்துகீது. நிறுத்த மாட்டேன்” என்றார் உபைதுல்லா.

டாக்டருக்குப் போன் செய்தார்கள். வலி அடங்க ஐந்து நாளைக்கு வேறு மருந்தும் எழுதிக் கொடுத்தார். யார்டு மேனேஜர் இரண்டு முறை கூப்பிட்டார். மிதிக்க முடிகிற அன்றைக்கு வருகிறேன் என்று உபைதுல்லா சொல்லிவிட்டார். அந்த வலியிலும் அரை மாத்திரை ஒருநாள்கூடத் தவறவில்லை. ஏழாம் நாள் வண்டி எடுத்தபோது, முப்பது வருட ஓட்டத்தில் கிடைக்காத ஒரு பெருமை அவருக்குள் இருந்தது.

ஐந்தாவது வாரம் மார்பில் சிவப்புப் புள்ளிகள் கிளம்பின. மறுநாள் முதுகுக்கும் கைகளுக்கும் பரவின. உதடு எரிந்தது. அவர் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பப் பார்த்தார். காலர் பக்கம் சிவந்திருந்ததைப் பதுருன்னிசா பார்த்துவிட்டார்.

“எப்பலேர்ந்து கீது?”

“நேத்துலேர்ந்து. வேர்க்குரு. கேபின்ல அவ்ளோ சூடு.”

பதுருன்னிசா அவர் நெற்றியில் கை வைத்தார். கொதித்தது. சட்டைப் பட்டனைக் கழற்றிப் பார்த்துவிட்டு, தட்டில் வெட்டி வைத்திருந்த அரை மாத்திரையை எடுத்துக்கொண்டார். உபைதுல்லா கையை நீட்டினார்.

“குடு பதுரு. அவ்ளோ வலிய பொறுத்துக்கினேன். இப்ப நிறுத்தினா எல்லாம் வீணு. வில்சன் சிரிப்பான்.”

“வலிக்கு நிறுத்தாதீங்கன்னு சொன்னதும் அந்த டாக்டர்தான், தடிப்புக்கு நிறுத்துங்கன்னு சொன்னதும் அவங்கதான். ஒண்ண மட்டும் கேட்டுக்கினு இன்னொண்ண வுட்டா எப்டி? ஷூவ கழட்டுங்க. ஆட்டோ கூப்பிடறேன்.”

உபைதுல்லா குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தார்.

டாக்டர் யசோதரா பார்த்த உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். ஆறு நாள் அங்கே இருந்தார்கள். கல்லீரல் பரிசோதனையில் எண்கள் ஏறத் தொடங்கியிருந்தன. இன்னும் நாலு நாள் அந்த மாத்திரையைப் போட்டிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாம் என்று வார்டு டாக்டர் சொன்னபோது பதுருன்னிசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உபைதுல்லா அவர் கையைப் பிடித்தார்.

வீடு திரும்பியதும் அவர் டாக்டர் யசோதராவிடம் கேட்டது ஒரே கேள்வி. “அப்ப எனக்கு வைத்தியம் அவ்ளோதானா?”

“அந்த மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான். வேற மாத்திரை இருக்கு. ஆனா தோலும் ரத்தமும் முழுசா சரியான பிறகுதான். பொறுத்திருப்பீங்களா?”

“இருப்பேன்.”

அலோபியூரினால் என்ற பெயரைச் சிவப்பு மையில் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார் டாக்டர். இனி எந்த மருத்துவரிடம் போனாலும் அதை முதலில் காட்ட வேண்டும். இரண்டு மாதம் கழித்து, இதயத்தையும் பரிசோதித்துவிட்டு, வேறு வகை மாத்திரை மிகக் குறைந்த அளவில் ஆரம்பமானது. முதல் மாதம் வாராவாரம் ரத்தம் எடுத்தார்கள். தோலில் சின்னக் கொசுக்கடி தெரிந்தாலும் உபைதுல்லா மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இடையில் ஒருநாள் வில்சன் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தார். அலமாரியில் பாதி தீர்ந்த பழைய அலோபியூரினால் அட்டை இருந்தது. உனக்குத்தான் ஆகாதே, எனக்குக் கொடு, நான் போட்டுப் பார்க்கிறேன் என்றார். உபைதுல்லா எழுந்து போய் அட்டையை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

“தர மாட்டேன் தோஸ்து. உன் கிட்னி எப்டி கீதுன்னு உனக்குத் தெரியுமா? ரத்தம் குட்து பாரு. பாத்துட்டு டாக்டர் எத்த சொல்றாங்களோ அத்த போடு.”

வில்சன் முகம் சுண்டிப்போய்க் கிளம்பினார். மூன்று வாரம் வரிசையில் பக்கத்தில் நின்றாலும் பேசவில்லை. நாலாவது வாரம் ஒரு மதியம் லாரி படிக்கட்டில் ஏறி, மடித்த காகிதம் ஒன்றை உபைதுல்லாவிடம் நீட்டினார். அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு. கிரியாட்டினின் 1.9. அவரை டாக்டர் யசோதராவிடம் அழைத்துப் போக, உபைதுல்லா மேனேஜரிடம் இருவருக்கும் மறுநாள் லீவு சொன்னார்.

புது மாத்திரை தொடங்கிய ஏழாம் மாதம் யூரிக் ஆசிட் 5.4-க்கு இறங்கியது. நாலு மாதமாக ஒருமுறைகூட வலி வரவில்லை. கிரியாட்டினினும் கொஞ்சம் குறைந்திருந்தது. பதுருன்னிசா அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். எண் நன்றாக இருப்பது மாத்திரை போடுவதால்தான், வலி இல்லை என்று நீங்களாக நிறுத்திவிட்டால் பழையபடி ஏறும் என்றார் டாக்டர். நிறுத்தலாமா என்று உபைதுல்லா கேட்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு, அடுத்த ரத்தப் பரிசோதனை எந்தத் தேதி என்று கேட்டார்.